ஃபிளின்டாஃப்பின் முழங்காலும் உங்க மாசச் சம்பளமும்



2009 பிப்ரவரியில கோவாவுல ஐபிஎல் ஏலம் நடந்தது. சென்னை சூப்பர் கிங்ஸ் ஒரு இங்கிலாந்து ஆல்ரவுண்டரை 15.5 லட்சம் டாலருக்கு எடுத்தாங்க. அன்றைய மதிப்புல ஏழு கோடி ரூபாய்க்கு மேல. அதுக்கு முந்தின வருஷம் தோனியை எடுத்ததே 15 லட்சம் டாலருக்குத்தான். பெங்களூரு எடுத்த கெவின் பீட்டர்சனும் இவரும்தான் அன்னிக்கு ஐபிஎல்லோட மிக அதிக விலை வீரர்கள்.

அவர்தான் ஆண்ட்ரூ ஃபிளின்டாஃப். உங்கள்ல பலர் அப்போ ஸ்கூல்ல இருந்திருப்பீங்க. மஞ்சள் ஜெர்சியில அவர் ஆடினது மூணே மேட்ச். அந்த வருஷ ஐபிஎல் தென்னாப்பிரிக்காவுல நடந்ததால, சேப்பாக்கத்துல அந்த ஜெர்சியோட அவரை யாரும் பார்க்கவே இல்ல. வலது முழங்கால் ஜவ்வு கிழிஞ்சு, ஆபரேஷனுக்காக ஊர் திரும்பிட்டார். ஜூலையில, நடந்துக்கிட்டிருந்த ஆஷஸ் தொடரோட டெஸ்ட் கிரிக்கெட்டுல இருந்து விலகுறதா அறிவிச்சார். அதுக்கப்புறம் ஒரு வருஷம் அந்த முழங்காலோட போராடிப் பார்த்தார். 2010 செப்டம்பர் 16-ம் தேதி எல்லா வகை கிரிக்கெட்டுல இருந்தும் ஓய்வு. அப்போ அவருக்கு வயசு 32.

சந்தை அவருக்கு உச்ச விலை வெச்ச நாளுக்கும், இனிமே ஆடவே முடியாதுன்னு ஆன நாளுக்கும் நடுவுல 19 மாசம்தான்.

கிரிக்கெட் கதையை இங்க ஏன் சொல்றேன்னு கேட்பீங்க. காரணம் இருக்கு. வருஷா வருஷம் ரிட்டர்ன் ஃபைல் பண்றப்போ சம்பளம் வாங்குறவங்க கணக்கையெல்லாம் பார்க்குறேன். எஸ்ஐபி இருக்கு, டேர்ம் இன்சூரன்ஸ் இருக்கு, சிலர்கிட்ட தங்கப் பத்திரம்கூட இருக்கு. ஆனா உயிரோட இருந்தும் ஆறு மாசம் வேலைக்குப் போக முடியலைன்னா என்ன பண்றதுங்கிற கேள்விக்கு முக்கால்வாசிப் பேர்கிட்ட பதில் இல்ல. சாவுக்குத் தயாரா இருக்கோம், 60 வயசு ஓய்வுக்கும் தயாராகுறோம். நடுவுல உடம்பு மக்கர் பண்ணினா? அந்த இடம் காலியா கிடக்கு. இன்னிக்கு அதைப் பத்தித்தான் பேசப் போறோம்.

திறமை இருந்தது, முழங்கால் இல்ல

ஃபிளின்டாஃப்போட ரெக்கார்டை ஒரு தடவை பார்த்துடுவோம். 2005 ஆஷஸ்ல ஆஸ்திரேலியாவை இங்கிலாந்து 18 வருஷத்துக்குப் பிறகு ஒரு தொடர்ல ஜெயிச்சது. அதுல அவர் எடுத்தது 402 ரன், 24 விக்கெட். அந்த வருஷ ஐசிசி சிறந்த வீரர் விருதை ஜாக் காலிஸோட பகிர்ந்துக்கிட்டார். மொத்தம் 79 டெஸ்ட், 3,845 ரன், 226 விக்கெட்.

ஆனா ஸ்கோர்கார்டுல வராத இன்னொரு கணக்கு இருக்கு. 2005 ஜனவரியில இருந்து 2007 அக்டோபருக்குள்ள இடது கணுக்கால்ல மட்டும் நாலு ஆபரேஷன். ஒரே கால், மூணு வருஷத்துக்குள்ள நாலு தடவை. அப்புறம் விலாப்பக்கம், இடுப்பு, கடைசியா வலது முழங்கால். அவ்வளவு பெரிய உடம்போட ஓடி வந்து 90 மைல் வேகத்துல போடுற பௌலருக்கு, ஒவ்வொரு பந்துக்கும் மொத்த எடையும் முன்னங்கால்ல இறங்கும். அந்தத் தேய்மானத்துக்கு யாரும் தனியா பணம் ஒதுக்கி வைக்கிறதில்ல.

இதுல கவனிக்க வேண்டியது, கடைசி வரைக்கும் திறமை குறையவே இல்லங்கிறதுதான். 2009 ஏப்ரல்ல செயின்ட் லூசியாவுல ஆடின கடைசி ஒருநாள் போட்டியில ஹாட்ரிக் எடுத்தார். ஜூலையில லார்ட்ஸ்ல, வலிக்கு ஊசி போட்டுக்கிட்டு பந்து வீசி இரண்டாவது இன்னிங்ஸ்ல 5 விக்கெட். 1934-க்குப் பிறகு லார்ட்ஸ்ல ஆஸ்திரேலியாவை இங்கிலாந்து ஜெயிச்சது அந்த மேட்ச்லதான். அடுத்து பர்மிங்ஹாம்ல ஆடினார். லீட்ஸ்ல முழங்கால் விடல, வெளிய உட்கார்ந்தார். கடைசி டெஸ்ட்ல ஓவல் மைதானத்துல, மிட்ஆன்ல இருந்து நேரா ஸ்டம்பை அடிச்சு ரிக்கி பான்டிங்கை ரன் அவுட் ஆக்கினார். ஆஷஸ் இங்கிலாந்துக்கு. தொடர் முடிஞ்ச கையோட மறுபடி முழங்கால் ஆபரேஷன். அதுக்கப்புறம் இங்கிலாந்துக்காக அவர் ஒரு மேட்ச்கூட ஆடல.

வேலையில சிறப்பா இருந்தா வருமானம் தானா தொடரும்னு நம்புறோம். வேலையில சிறப்பா இருக்கிறதும், அந்த வேலையைத் தொடர்ந்து செய்ய முடியுறதும் ரெண்டு தனித்தனி விஷயம். முதல் விஷயத்துக்கு அப்ரைசல் இருக்கு, ரேட்டிங் இருக்கு. ரெண்டாவதுக்கு எந்த அப்ரைசலும் கிடையாது.

"அவர் கோடீஸ்வரர் சார், நமக்கு என்ன?"

நியாயமான கேள்வி. ஃபிளின்டாஃப்புக்கு 32 வயசுலயே நம்மள்ல பலர் வாழ்நாள் முழுக்க சம்பாதிக்காத பணம் கையில இருந்திருக்கும். என் வாதம் இங்கதான் ஆரம்பிக்குது. அவர் நிலைமையை விட உங்க நிலைமைதான் ஆபத்து.

விளையாட்டு வீரர் சின்ன வயசுலயே மொத்தமா சம்பாதிக்கிறார். 35-க்குள்ள முடிஞ்சிடும்னு அவருக்கும் தெரியும், அவரோட ஏஜென்ட்டுக்கும் தெரியும். நம்ம சம்பளம் அப்படி இல்ல. கொஞ்சமா ஆரம்பிச்சு 40, 50 வயசுலதான் மேல ஏறும். அதாவது, உங்க வாழ்நாள் வருமானத்துல பெரும்பகுதி இன்னும் கைக்கு வரவே இல்ல.

ஒரு கணக்கு போடுவோம். உங்க வயசு 27, கைக்கு வர்றது மாசம் 50,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். 60 வரைக்கும் இன்னும் 33 வருஷம். ஒரு ரூபாய்கூட ஹைக் வராதுன்னு எடுத்துக்கிட்டாலும், 50,000 × 12 × 33. மொத்தம் 1 கோடியே 98 லட்சம். இன்கிரிமென்ட்டையும் சேர்த்தா இது பல மடங்கு போகும்.

இதுதான் உங்ககிட்ட இருக்கிற மிகப் பெரிய சொத்து. பேங்க் பேலன்ஸ் இல்ல, மியூச்சுவல் ஃபண்ட் இல்ல, ஊர்ல இருக்கிற மூணு சென்ட் மனையும் இல்ல. சம்பாதிக்கிற உங்க உடம்பும் மூளையும்தான். பைக்குக்கு இன்சூரன்ஸ் கட்டுறோம். 30,000 ரூபாய் ஃபோன் ஸ்கிரீனுக்குக்கூட பாதுகாப்புத் திட்டம் வாங்குறோம். ரெண்டு கோடி சொத்துக்கு?

"டேர்ம் இன்சூரன்ஸ் ஒரு கோடிக்கு எடுத்திருக்கேனே"ன்னு சொல்வீங்க. நல்ல விஷயம், கண்டிப்பா வேணும். ஆனா அது உங்க உயிர் போனா குடும்பத்துக்குக் கொடுக்கும். நீங்க உயிரோட, வேலைக்குப் போக முடியாம வீட்டுல படுத்திருந்தா, அடிப்படை டேர்ம் பாலிசி ஒரு ரூபாய் தராது. ப்ரீமியத்தை வேற நீங்க தொடர்ந்து கட்டிக்கிட்டு இருக்கணும்.

எது எதுக்குக் கொடுக்கும்? எது கொடுக்காது?

இங்கதான் நிறைய குழப்பம். ஒவ்வொண்ணா பார்ப்போம்.

ஹெல்த் இன்சூரன்ஸ். இது ஆஸ்பத்திரி பில்லைக் கட்டும். ஆபரேஷன் முடிஞ்சு மூணு மாசம் வீட்டுல இருக்கிறப்போ வாடகையைக் கட்டாது. ஆஸ்பத்திரிச் செலவு ஒரு பிரச்னை, நின்னுபோன சம்பளம் இன்னொரு பிரச்னை.

தனிநபர் விபத்துக் காப்பீடு, அதாவது பர்சனல் ஆக்சிடென்ட் பாலிசி. நான் பார்த்த வரைக்கும் சம்பளக்காரங்க அதிகம் ஒதுக்குற பாலிசி இதுதான், விலைக்கு மதிப்பு அதிகமா இருக்கிறதும் இதுதான். விபத்துல இறந்தா பணம். நிரந்தர முழு ஊனம் ஆனா முழுத் தொகை. ஒரு விரலோ ஒரு கண்ணோ போனா, பாலிசியில இருக்கிற அட்டவணைப்படி ஒரு சதவீதம். தற்காலிகமா வேலைக்குப் போக முடியலைன்னா வாராவாரம் ஒரு தொகை. இந்தக் கடைசிப் பகுதி ரொம்ப முக்கியம். வழக்கமா காப்பீட்டுத் தொகையில 1% வாரத்துக்குன்னு வரும், அதுக்கு உச்சவரம்பும் உண்டு. பல பாலிசிகள்ல இது கூடுதல் ப்ரீமியத்துக்குக் கிடைக்கிற தனி அம்சம். கேட்டு வாங்கணும், கேட்காம தர மாட்டாங்க. டூவீலர்ல தினம் ஆபீஸ் போறவங்க இதைத் தள்ளிப் போடவே கூடாது.

பேங்க்ல வருஷத்துக்கு 20 ரூபாய் பிடிச்சுக்கிற பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவும் இதே வகைதான். விபத்து மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம், பகுதி ஊனத்துக்கு 1 லட்சம். 20 ரூபாய்க்கு இதுக்கு மேல எதிர்பார்க்க முடியாது. இருக்கட்டும், ஆனா இது மட்டும் பத்தாது.

கிரிட்டிகல் இல்னஸ் பாலிசி. புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம் மாதிரி பாலிசியில பட்டியல் போட்ட நோய் வந்தா மொத்தமா ஒரு தொகை கொடுக்கும். பில் காட்ட வேண்டாம். அந்தப் பணத்தை வீட்டுச் செலவுக்கும் பயன்படுத்தலாம்.

இப்போ ஒரு கேள்வி. இந்த எல்லா பாலிசியும் வெச்சிருக்கிற ஒருத்தருக்கு ஃபிளின்டாஃப்புக்கு வந்த மாதிரி ஒரு பிரச்னை வருது. வருஷக்கணக்கா தேய்ஞ்ச முழங்கால். இல்ல, நம்ம உலகத்துல அடிக்கடி வர்றது, தேய்ஞ்ச முதுகெலும்பு டிஸ்க். எந்த பாலிசி அவருக்கு மாசச் சம்பளம் கொடுக்கும்?

எதுவும் கொடுக்காது. தேய்மானம் விபத்து இல்லங்கிறதால விபத்துக் காப்பீடு வராது. பட்டியல்ல இல்லாததால கிரிட்டிகல் இல்னஸ் வராது. ஆபரேஷன் பண்ணினா ஹெல்த் இன்சூரன்ஸ் பில்லைக் கட்டும், அதோட சரி. எந்தக் காரணத்தால வேலைக்குப் போக முடியலைன்னாலும் மாசாமாசம் சம்பளத்துல ஒரு பங்கு கொடுக்கிற பாலிசி, நம்ம நாட்டுல தனிநபருக்குச் சுலபமா கிடைக்கிறதில்ல. இன்சூரன்ஸ் விக்கிறவங்க இந்த ஓட்டையைப் பத்திப் பேச மாட்டாங்க. அவங்ககிட்ட அதை அடைக்கிற சரக்கு இல்ல.

ஹைக் வந்த அன்னிக்கு நீங்க இழந்தது

இந்த இடத்துல ஒரு வேடிக்கையைச் சொல்லியே ஆகணும். மாசம் 21,000 ரூபாய் வரைக்கும் சம்பளம் வாங்குறவங்க, சட்டம் பொருந்துற நிறுவனத்துல இருந்தா, இஎஸ்ஐ திட்டத்துல வருவாங்க. சம்பளத்துல 0.75% அவங்க பங்கு, 3.25% முதலாளி பங்கு. இஎஸ்ஐ-ன்னா இலவச ஆஸ்பத்திரின்னு மட்டும்தான் பலருக்குத் தெரியும். ஆனா அது வருமானப் பாதுகாப்பும்கூட.

உடம்பு சரியில்லாம டாக்டர் சான்றிதழோட லீவுல இருந்தா, சந்தா நிபந்தனைகளுக்கு உட்பட்டு வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் சராசரி தினக் கூலியில 70% பணமா வரும். சில நீண்டகால நோய்களுக்கு 80% வீதம் ரெண்டு வருஷம் வரைக்கும். வேலையில அடிபட்டுத் தற்காலிகமா முடங்கினா, குணமாகுற வரைக்கும் 90%.

சம்பளம் 21,000-ஐத் தாண்டினா, அந்த ஆறு மாசச் சந்தாக் காலம் முடிஞ்சதும் இஎஸ்ஐ நின்னுடும். பே ஸ்லிப்புல ஒரு பிடித்தம் குறைஞ்சதுன்னு சந்தோஷப்படுவோம். கம்பெனி குரூப் ஹெல்த் இன்சூரன்ஸ் கொடுக்கும். அது ஆஸ்பத்திரி பில்லுக்கு மட்டும். சம்பளத்துல 70% தர்ற பாதுகாப்பு போனதை யாரும் மெயில் போட்டுச் சொல்றதில்ல.

அதனால மாசம் 20,000 வாங்குறவருக்கு உடம்பு முடியலைன்னா மூணு மாசம் ஏதோ வரும். 60,000 வாங்குறவருக்கு சிக் லீவ் தீர்ந்த மறுநாள்ல இருந்து லாஸ் ஆஃப் பே. வசதி கூடக்கூடப் பாதுகாப்பும் கூடும்னு நினைக்கிறோம். இந்த ஒரு விஷயத்துல அது தலைகீழ்.

இபிஎஃப் பக்கமும் ஒரு வார்த்தை. நீங்க இபிஎஸ் ஓய்வூதியத் திட்டத்துல உறுப்பினரா இருந்து, வேலையில இருக்கிறப்போ நிரந்தரமா, முழுமையா உழைக்க முடியாத நிலை வந்தா, 10 வருஷ சர்வீஸ் இல்லாட்டியும் ஓய்வூதியம் உண்டு. ஒரு மாசச் சந்தா போயிருந்தாலே போதும். தொகை பெருசா இருக்காது. ஆனா 2014 செப்டம்பருக்குப் பிறகு முதல் முறையா வேலையில சேர்ந்து, அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000-க்கு மேல இருந்தவங்க இபிஎஸ்-லயே இருக்க மாட்டாங்க. பாஸ்புக்கைத் திறந்து ஓய்வூதியப் பங்கு ஏறுதான்னு பாருங்க.

அப்போ ஓட்டையை அடைக்கிறது எது?

கையில இருக்கிற பணம். வேற வழி இல்ல.

எமர்ஜென்சி ஃபண்ட் பத்தி நம்ம சேனல்ல நிறைய பேசியிருக்கோம். ஆனா அதை வேலை போனா தேவைப்படுற பணமா மட்டும் பார்க்குறோம். வேலை போனா நாளைக்கே இன்னொரு இன்டர்வியூவுக்குப் போகலாம். உடம்பு போனா போக முடியாது. அதனால இந்தக் காரணத்துக்கு எமர்ஜென்சி ஃபண்ட் இன்னும் முக்கியம்.

மேல சொன்ன அதே 50,000 ரூபாய் ஆளை எடுத்துக்குவோம். வாடகை 12,000. ஊருக்கு 8,000. பைக்குக்கும் பர்சனல் லோனுக்கும் சேர்த்து இஎம்ஐ 15,000. சாப்பாடு, போக்குவரத்து 9,000. எஸ்ஐபி 5,000. மத்தது 1,000. சம்பளம் நின்னா எஸ்ஐபியை நிறுத்தலாம், பெட்ரோல் குறையும். வாடகையும், ஊருக்கு அனுப்புறதும், இஎம்ஐயும் குறையாது. எப்படி இழுத்துப் பிடிச்சாலும் மாசம் 42,000 வேணும். ஆறு மாசத்துக்கு 2 லட்சத்து 52 ஆயிரம்.

இதுல எந்த வரி அவரை முதல்ல மூழ்கடிக்கும்? இஎம்ஐ 15,000. அது இல்லைன்னா தேவை 27,000-ஆ குறையும். அதே 2,52,000 ரூபாய் ஆறு மாசத்துக்குப் பதிலா ஒன்பது மாசத்துக்கு மேல தாங்கும்.

இஎம்ஐ பத்தி என் கருத்து இதுதான். பேங்க் உங்ககிட்ட சம்பளத்துல எவ்வளவு இஎம்ஐ கட்ட முடியும்னு கேட்கும். நீங்க உங்களையே கேட்டுக்க வேண்டியது, சம்பளம் வராத மாசத்துல எவ்வளவு இஎம்ஐ கட்ட முடியும்ங்கிறது. ஃபிளின்டாஃப்புக்கு ஏலத்துல வெச்ச 15.5 லட்சம் டாலர், அன்னிக்குக் காலையில அவர் உடம்பு இருந்த நிலைக்குச் சந்தை வெச்ச விலை. அடுத்த வருஷத்துக்கு அது உத்தரவாதம் இல்ல. உங்க சிடிசியும் அப்படித்தான். புது ஆஃபர் லெட்டர் கையில வந்த வாரத்துலயே அந்தத் தொகையை நம்பி ஏழு வருஷக் கார் லோன் எடுக்கிறவங்களைப் பார்த்தா எனக்கு அந்த ஏலம்தான் ஞாபகம் வருது.

எமர்ஜென்சி ஃபண்ட் முழுசா சேர்ற வரைக்கும் எஸ்ஐபியைப் பாதியாக்கிக்கோங்கன்னு சொன்னா சில பேருக்குக் கோபம் வரும். காம்பவுண்டிங் போச்சேன்னு கேட்பாங்க. காசு இல்லாத நேரத்துல, மார்க்கெட் கீழ இருக்கிறப்போ அதே ஃபண்டை வித்தா காம்பவுண்டிங் இன்னும் வேகமா போகும். முதல்ல சேவிங்ஸ் கணக்கு, எஃப்டி, லிக்விட் ஃபண்ட். மத்ததெல்லாம் அப்புறம்.

உடம்பு நோட்டீஸ் கொடுக்கும்

ஃபிளின்டாஃப்போட உடம்பு திடீர்னு ஒரு நாள் உடையல. முதல் கணுக்கால் ஆபரேஷன் 2005-ல. கடைசி ஓய்வு 2010-ல. ஐந்து வருஷம் நோட்டீஸ் மேல நோட்டீஸ். சுமையைக் குறைச்சுக்கலாம்னு அவர் முடிவெடுத்தது 2009-ல. டெஸ்ட்டை விட்டுட்டு, கிரிக்கெட் போர்டு கொடுத்த ஒப்பந்தத்தையும் வேண்டாம்னு சொல்லிட்டு, குறுகிய ஓவர் போட்டிகள் மட்டும் ஆடுற ஃப்ரீலான்ஸ் வீரர் ஆகுறதா திட்டம். அப்போ பணத்தாசைன்னு திட்டினவங்க உண்டு. எனக்கு அது நியாயமான கணக்காத்தான் தெரியுது. வேலைச் சுமை குறைவு, வருமானம் அதிகம். கணக்குல தப்பில்ல, போட்ட நேரம்தான் தாமதம். அதுக்குள்ள முழங்கால் முடிவு பண்ணிடுச்சு. தொடர்ந்து ஆடினா உடம்புக்கு நிரந்தரச் சேதம் வரலாம்னு மருத்துவர்கள் சொன்ன பிறகு அவருக்கு வேற வழி இல்ல.

நமக்கும் நோட்டீஸ் வருது. காலையில எழுந்தா கழுத்து திரும்ப மாட்டேங்குது. மௌஸ் பிடிச்ச மணிக்கட்டு மரத்துப்போகுது. நைட் ஷிஃப்ட்டுக்கு அப்புறம் பிரஷர் ஏறுது. வலி மாத்திரை போட்டுக்கிட்டு ரிலீஸை முடிச்சுக் கொடுக்கிறோம், லார்ட்ஸ்ல ஊசி போட்டுக்கிட்டு ஆடின மாதிரி. அவருக்காவது ஆஷஸ் கிடைச்சது. நமக்குக் கிடைக்கிறது ஒரு பாராட்டு மெயில்.

டாக்டர்கிட்ட போங்கன்னு சொல்றது என் வேலை இல்ல, ஆனாலும் சொல்றேன். என் வேலை இதோட பணப் பக்கத்தைச் சொல்றது. ஒரு நோயை ஃபைல்ல எழுதின பிறகு நீங்க வாங்குற ஹெல்த் பாலிசியில அது ஏற்கனவே இருக்கிற நோய். மறைக்காம சொல்லியே ஆகணும். அதுக்கான காத்திருப்புக் காலம் மூணு வருஷம் வரைக்கும் போகலாம். கம்பெனி ப்ரீமியத்தைக் கூட்டலாம், சில நேரம் மறுக்கவும் செய்யலாம். 27 வயசுல, ஒரு பிரச்னையும் இல்லாதப்போ, கம்பெனி இன்சூரன்ஸ் இருந்தாலும் சொந்தமா ஒரு பாலிசி எடுத்தீங்கன்னா அந்தக் கடிகாரம் அன்னிக்கே ஓட ஆரம்பிச்சிடும். கம்பெனி பாலிசி வேலையோட வரும், வேலையோட போகும். உடம்பு முடியாம வேலையை விட வேண்டி வந்தா, எப்போ ரொம்பத் தேவையோ அப்போ அது இருக்காது.

இன்னொண்ணு. புது வரி முறையில 80டி கழிவு இல்லங்கிறதுக்காக ஹெல்த் பாலிசியைப் புதுப்பிக்காம விட்டவங்க இருக்காங்க. தயவுசெய்து பண்ணாதீங்க. வரிச் சலுகை ஒரு போனஸ்தான், பாலிசி அதுக்காக இல்ல. அதோட 2025 செப்டம்பர் 22-ல இருந்து தனிநபர் ஹெல்த், லைஃப் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது. முன்னாடி 18% கட்டின இடம் அது.

ரெண்டாவது வருமான வழி

ஃபிளின்டாஃப் கதை 2010-ல முடியல. ஸ்கை சேனலோட "எ லீக் ஆஃப் தெயர் ஓன்" விளையாட்டு நிகழ்ச்சி 2010 மார்ச்ல ஆரம்பிச்சது, அவர் அதுல ஒரு அணித் தலைவர். ஓய்வு அறிவிச்சது செப்டம்பர்ல. ஆறு மாசம் முன்னாடியே இன்னொரு வேலையில ஒரு கால் வெச்சுட்டார். அதுக்கப்புறம் டிவிதான் அவரோட தொழில். 2022 டிசம்பர்ல "டாப் கியர்" படப்பிடிப்புல கார் விபத்து, முகத்துல பலத்த காயம். உடம்பை நம்பின ரெண்டாவது வேலையும் நின்னுச்சு. அதுல இருந்தும் எழுந்து வந்து, இங்கிலாந்து லயன்ஸ் அணிக்குப் பயிற்சியாளர் ஆனார்.

பயிற்சியாளர் வேலைக்கு முழங்கால் தேவையில்ல. 79 டெஸ்ட் ஆடின அனுபவம் போதும்.

சைடு பிசினஸ் ஆரம்பிங்கன்னு நான் சொல்லல. வேலை முடிஞ்சு வந்து ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் இன்னொரு வேலை பார்த்தா, நாம பேசுற பிரச்னையே சீக்கிரம் வரும். நீங்க கேட்டுக்க வேண்டியது ஒண்ணுதான். இப்போ செய்ற வேலையை இதே மாதிரி செய்ய முடியாம போனா, இதே அனுபவத்தை வெச்சு வேற என்ன செய்ய முடியும்? தினம் 80 கிலோமீட்டர் பைக் ஓட்டுற சேல்ஸ் ஆள், உட்கார்ந்து செய்ற ஆபரேஷன்ஸ் வேலைக்கு மாற என்ன கத்துக்கணும்? 12 மணி நேரம் ஸ்கிரீன் பார்க்குற டெவலப்பர், ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற இடத்துக்கு எப்படிப் போறது? அதுக்கான ஒரு கோர்ஸ் ஃபீஸும் முதலீடுதான்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

படிச்சுட்டு லைக் போட்டுட்டுப் போயிடாதீங்க. உங்க ஹெச்ஆர்கிட்ட ஒரு மெயில்ல இந்த நாலையும் கேளுங்க.

1. வருஷத்துக்கு எத்தனை நாள் சம்பளத்தோட சிக் லீவ்? அது தீர்ந்த பிறகு கம்பெனியோட கொள்கை என்ன?
2. குரூப் விபத்துக் காப்பீடு இருக்கா? எவ்வளவு தொகைக்கு? தற்காலிகமா வேலைக்கு வர முடியாத வாரங்களுக்குப் பணம் உண்டா?
3. குரூப் ஹெல்த் பாலிசி எவ்வளவு? வேலையை விட்டா அதைத் தனிநபர் பாலிசியா மாத்திக்க முடியுமா, எத்தனை நாளுக்குள்ள?
4. இஎஸ்ஐ, இபிஎஸ் ரெண்டுலயும் நான் இருக்கேனா, இல்லையா?

பதில் வந்த பிறகு உங்க வேலை. விபத்துக் காப்பீடு இல்லைன்னா இந்த மாசமே எடுங்க, வாராந்திரத் தொகை அம்சத்தோட. டேர்ம் பாலிசியில ஊனம் ஏற்பட்டா ப்ரீமியம் தள்ளுபடி ஆகுற ரைடர் இருக்கான்னு பாருங்க. சொந்த ஹெல்த் பாலிசி எடுங்க. சம்பளம் இல்லாத மாசத்துக்குக் குறைஞ்சபட்சம் எவ்வளவு வேணும்னு ஒரு பேப்பர்ல எழுதி, அதோட ஆறு மடங்கைச் சேர்க்க ஆரம்பிங்க. அது சேர்ற வரைக்கும் புது இஎம்ஐ வேண்டாம்.

இதுல பெரும்பாலானது போரடிக்கிற வேலை, தெரியும். மல்டிபேக்கர் ஷேர் பேர் சொன்னா இதை விடப் பத்து மடங்கு பேர் படிப்பாங்க. ஆனா 31 வயசுல லார்ட்ஸ்ல அஞ்சு விக்கெட் எடுத்த ஆளுக்கே, அதுக்கப்புறம் இங்கிலாந்து டெஸ்ட் உடையில மிச்சம் இருந்தது இன்னும் ரெண்டே மேட்ச்தான்.

இது பொதுவான தகவல். பாலிசி விதிமுறைகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், வாங்குறதுக்கு முன்னாடி பாலிசி ஆவணத்தை முழுசா படிங்க. விபத்துக் காப்பீட்டு ஆவணத்துல எந்தெந்த வரியைக் கவனிக்கணும்னு அடுத்த வீடியோவுல ஒவ்வொண்ணா பார்ப்போம். அதுக்குள்ள ஹெச்ஆர் மெயிலை அனுப்பிடுங்க.